ஆறு இறங்கிய மறுநாள்

வெள்ளம் வடிந்ததும் நிவாரணம் முடிந்ததாகக் கணக்கு எழுதுகிறோம். வீட்டுக்குள் நோய் நுழைவது அதற்குப் பிறகு வரும் மூன்று வாரங்களில்தான். காவிரிக் கரையிலிருந்து கோவையின் பள்ளங்கள் வரை ஒரு பார்வை.

கதவு லேசில் திறக்காது. உள்ளே சேறு அண்டியிருக்கும். தோள் கொடுத்துத் தள்ளினால்தான் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விலகும். உள்ளே போனதும் மூக்கில் அடிப்பது கக்கூஸ் நாற்றம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது, தண்ணீர் நின்ற மட்டம் அது. டிரம் கவிழ்ந்து ரேஷன் அரிசி ஊறி, உப்பி, புளித்துக் கிடக்கிறது. பாய், தலையணை, பிள்ளையின் புத்தகப் பை எல்லாம் ஒரே சேற்று நிறம். பொடக்காலிப் பக்கம் எட்டிப் பார்த்தால் செப்டிக் டேங்க் மூடி நகர்ந்திருக்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது அப்போதுதான் புரியும்.

2022 ஆகஸ்டில் குமாரபாளையத்தின் கலைமகள் வீதியும் இந்திரா நகரும், பள்ளிபாளையத்தின் கரையோரத் தெருக்களும், பவானி, ஈரோடு கருங்கல்பாளையத்தின் தாழ்ந்த பகுதிகளும் இப்படித்தான் தங்கள் வீடுகளைத் திரும்பப் பெற்றன. ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்கள் அவை. பவானி கூடுதுறையில் குளிக்கத் தடை. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பவானிசாகரின் உபரி நீரும் வந்து சேர்ந்துகொண்டது. கரையோரக் குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்டன. பாலத்தின் மேல் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, கேமராக்களும் அங்கேதான் நின்றன.

ஆறு இறங்கியதும் பாலம் காலியானது. சாதம் போட்ட பந்தி முடிந்தது. ஆபத்தின் இரண்டாம் பாதி அங்கே தொடங்கியது. அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெயிலடிக்கும் நாளில் வரும் வெள்ளம்

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை, புயல் நேராகக் கரையைக் கடப்பதில்லை. அதனாலேயே இயற்கைப் பேரிடர் என்றால் சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று நாம் பழகிவிட்டோம். 2015-ல் சென்னைக்கும், 2018-ல் கேரளத்துக்கும், அதே ஆண்டு கஜா புயல் அடித்த டெல்டாவுக்கும் லாரி லாரியாகப் பொருள் அனுப்பிய ஊர்கள் இவை. கொடுத்தே பழகிய கைகள் தமக்கு வந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருப்பது குறைவு.

ஆனால் ஆறு நம்மை மறக்கவில்லை. 1924 ஜூலையில் வந்த காவிரிப் பெருவெள்ளத்தை ஈரோட்டுப் பெரியவர்கள் வெகுகாலம் பேசினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1934-ல், மேட்டூர் அணை முடிந்தது. 120 அடி கொள்ளும் அந்த அணை வெள்ளத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. அணை நிரம்பிவிட்ட ஆண்டுகளில் கர்நாடகத்திலும் வயநாட்டிலும் பெய்யும் மழை இங்கே வந்து வீட்டுக்குள் நுழைகிறது. 2005, 2018, 2022 எல்லாம் அப்படித்தான். ஈரோட்டில் ஒரு சொட்டு மழை பெய்யாமல், சுள்ளென்று வெயிலடிக்கும் நாளில் தெரு மூழ்கும்.

கோவையிலும் திருப்பூரிலும் கதை வேறு. இங்கே ஆற்றைவிட, பள்ளம் என்று நாம் சொல்லும் ஓடைகள்தான் ஆபத்து. நாற்பது நிமிடம் கொட்டினால் சங்கனூர்ப் பள்ளம் பொங்குகிறது, சிவானந்தா காலனி ரயில் பாலத்தடியில் பேருந்து சிக்கிக்கொள்கிறது, தாழ்ந்த வீதிகளில் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. 2011 நவம்பரில் திருப்பூரில் ஒரே இரவில் ஓடைகள் பெருக்கெடுத்து உயிர்களைக் கொண்டுபோனதை அந்த ஊர் மறந்திருக்காது.

இரண்டுக்கும் உள்ள ஒரு வித்தியாசம் வீட்டுச் சுகாதாரத்துக்கு முக்கியம். பள்ளத்து வெள்ளம் சொல்லாமல் வரும். மேட்டூர் வெள்ளம் தண்டோரா போட்டு, ஒலிபெருக்கியில் சொல்லி, பல மணி நேரம் அவகாசம் கொடுத்து வரும். அந்த நேரத்தில் டிவியையும் பீரோவையும் தூக்கி மாடியில் வைக்கிறோம். தண்ணீர் பிடித்து மூடி வைப்பதும், கக்கூஸ் வாயில் மணல் மூட்டை அமுக்குவதும், சம்ப் மூடியை ஒட்டி அடைப்பதும் யாருக்கும் தோன்றுவதில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியது அதைத்தான்.

மூடிக்குக் கீழே இருப்பது

வெள்ளத்தில் மூழ்கிய வீட்டின் முதல் எதிரி செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை முழுமையாக வராத கொங்கு ஊர்களில் பெரும்பாலான வீடுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. முறையாகக் கட்டினால் அது இரண்டு அறை கொண்ட, அடியும் சுவரும் பூசிய தொட்டி. கசடு அடியில் தங்கி மட்கும், தெளிந்த நீர் உறிஞ்சு குழிக்குப் போகும். நடைமுறையில் பல வீடுகளில் இருப்பது சிமெண்ட் உறைகளை இறக்கிய, அடி பூசாத ஒரு குழி. நிறையவே நிறையாத டேங்க் என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையாததற்குக் காரணம், அது மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருப்பதுதான். பத்தடி தள்ளி அதே வீட்டின் போர் இருக்கும்.

நிலத்தடி நீர் மட்டம் ஏறும்போது அந்தக் குழிக்குள் கீழிருந்து தண்ணீர் வருகிறது. போக வழியில்லாமல் கசடு மிதந்து மூடியைத் தள்ளுகிறது, அல்லது குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து கோப்பையில் பொங்குகிறது. தெருவில் முழங்கால் அளவுக்கு நிற்பது மழைத் தண்ணீர் என்று குழந்தைகள் அதில் காகிதக் கப்பல் விடுகிறார்கள். ஒரு தெருவின் எல்லா டேங்குகளும் அதில் கலந்திருக்கின்றன.

கோவைக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி வேலை நடந்தது. தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் 2015-க்குப் பிறகு திருச்சியிலும், நம் மாவட்டத்தில் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் மனிதக் கழிவு எங்கே சேர்கிறது, எங்கே கொட்டப்படுகிறது என்பதை வீட்டிலிருந்தே தொடங்கி ஆராய்ந்தது. கசடு சுத்திகரிப்பு நிலையமும் அதன் வழியாக வந்தது. பேரிடர் காலத்துக்கென்று தொடங்கிய வேலையல்ல. ஆனால் மூடிக்குக் கீழே இருப்பதைக் கணக்கெடுக்காத ஊரால் வெள்ள நாளில் எந்தத் தெருவுக்கு முதலில் லாரி அனுப்புவது என்று முடிவுசெய்ய முடியாது.

வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே எடுப்பது நல்லது. வெள்ளம் வடிந்த உடனே பதறிப்போய் டேங்கை அடியோடு உறிஞ்சச் சொல்லக் கூடாது. சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது தொட்டி காலியானால் அது மேலே மிதக்கலாம், பக்கச் சுவர் உள்ளே விழலாம். வெளியே நீர் மட்டம் இறங்கட்டும். அதுவரை அந்தக் கக்கூஸில் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடைத்த டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். வெள்ளம் முடிந்த வாரத்தில் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து யாரையாவது இறக்கிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளே தேங்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்றப் போகிறவரையும் சேர்த்து. மனிதர்களை மலக்கழிவு அகற்ற இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். 14420 என்ற எண்ணை அழைத்தால் உரிய வண்டி வரும்.

■ பெட்டிச் செய்தி: பிளீச்சிங் பவுடர் கணக்கு

• தொட்டி, சம்ப், கிணற்றுத் தண்ணீருக்கு: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். வெள்ளம் புகுந்திருந்தால் முதலில் தண்ணீரை இறைத்து, கழுவி, புதிதாக ஊறியதற்கு இரண்டு மடங்கு போடலாம்.

• பவுடரை நேராகத் தூவக் கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் நிற்பது வெறும் சுண்ணாம்பு.

• ஊற்றிய பிறகு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

• தரை, சுவர், கக்கூஸ் கழுவ: லிட்டருக்கு 30 கிராம். கையுறை கட்டாயம். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும்.

• பவுடரைத் திறந்தால் மூக்கில் காரமாக ஏற வேண்டும். வாசமே இல்லையென்றால் வீரியம் போய்விட்டது. ஈரம் பட்ட மூட்டையால் பயனில்லை.

• பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சிறு குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

ஆறு நிறைய ஓடும், குழாயில் வராது

வெள்ளத்தின் கொடுமைகளில் ஒன்று, எங்கும் தண்ணீராக இருக்கும் நாளில் குழாய் நின்றுபோவது. காவிரியும் பவானியும் செம்மண் கரைத்து ஓடும்போது கலங்கல் ஏறி வடிகட்டிகள் திணறும். நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போகும். பில்லூர்த் தண்ணீரை நம்பிய கோவையின் பகுதிகளுக்கும், ஊராட்சிக்கோட்டைத் திட்டத்தை நம்பிய ஈரோட்டுக்கும் இது தெரிந்த விஷயம். நல்ல தண்ணீர் இல்லாத நாளில் போர்த் தண்ணீருக்குப் போகிறோம். மூழ்கிய தெருவின் போரில் வருவது மூழ்கிய தெருவின் தண்ணீர்தான்.

கொதிக்கவைத்தால் கிருமி போகும். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்க வேண்டும். ஆனால் நம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, இதை வேறு மாவட்டத்துக் கையேடுகள் சொல்லாது. நொய்யலிலும் காவிரியின் பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதியிலும் சாயக்கழிவு கலக்கும் பிரச்சினை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு நிலைமை மாறியது என்றாலும், மழை வெள்ளம் வரும் நாளில் கள்ளத்தனமாகத் திறந்துவிடும் கழிவு நொய்யலில் நுரையாகப் பொங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். சாயத்தையும் உப்பையும் கொதிக்கவைத்துப் போக்க முடியாது, குளோரினும் போக்காது. நிறம் மாறிய, நுரைத்த, எண்ணெய் மினுக்கும் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது. அதைத் தரை கழுவ மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க லாரித் தண்ணீர் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது நம் உரிமை.

எவ்வளவு தண்ணீர் கேட்பது? பேரிடர் உதவிக்கென்று உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டிருக்கும் ஸ்ஃபியர் அளவுகோல், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. குடிக்க இரண்டரை, மூன்று லிட்டர், மீதி சமைக்க, கை கால் கழுவ, துணி அலச. நம் நிவாரணத்தில் ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வழங்கினோம் என்று படம் எடுக்கிறோம். சேறு புகுந்த வீட்டைக் கழுவ எத்தனை பாட்டில் தேவைப்படும்? குடிநீர் பாட்டில் தாகத்தைத் தீர்க்கும். சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் மட்டுமே வயிற்றுப்போக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை. அதற்குத் தண்ணீர் வேண்டாமா?

சேற்றை அள்ளும் வரிசை

வீடு திரும்பியதும் எல்லோரும் செய்யும் முதல் வேலை பினாயிலை ஊற்றுவது. சேற்றின் மேல் ஊற்றினால் பினாயிலும் வீண், பிளீச்சிங் பவுடரும் வீண். சேற்றில் உள்ள கழிவே மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். வரிசை இப்படி இருக்க வேண்டும்: மெயின் சுவிட்சை அணைத்து, ஜன்னல் கதவெல்லாம் திறந்து காற்றோட விடுவது. ஈரம் காயாமலே மண்வெட்டியால் சேற்றை அள்ளுவது, காய்ந்தால் ஒட்டிப் பிடிக்கும். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுச் சீமாறால் தேய்ப்பது. கடைசியில்தான் மருந்து. மருந்தை ஊற்றிய கையோடு துடைத்துவிடாமல் பத்து நிமிடமாவது நிற்கவிட வேண்டும்.

ஊறிய பஞ்சு மெத்தையும் தலையணையும் போனதுதான். வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால், வெளியே காய்ந்திருக்கும், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். பிள்ளைக்கு இளைப்பு இருந்தால் அந்தத் தலையணை ஆகாது. சில்வர், பித்தளைப் பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டெடுத்தால் போதும். மரக் கரண்டியையும் கீறல் விழுந்த பிளாஸ்டிக் குடத்தையும் விட்டுவிடுவது நல்லது. நனைந்த மாவு, பருப்பு, மிளகாய்த்தூளை மாட்டுக்கும் போடக்கூடாது. இதைச் சொல்வது சுலபம். மாதக் கடைசியில் ஒரு தறித் தொழிலாளி வீட்டில் ஒரு மெத்தையைத் தூக்கி எறிவது எவ்வளவு பெரிய முடிவு என்பது தெரிந்துதான் சொல்கிறேன். அதனால்தான் மெத்தைக்கும் பாய்க்கும் நிவாரணப் பட்டியலில் இடம் வேண்டும் என்கிறேன்.

பவானி ஜமக்காளம் நெய்யும் குழித்தறி வீடுகளில் இன்னொரு வேலை சேர்ந்துகொள்கிறது. தறிக்குழி வீட்டின் மிகத் தாழ்ந்த இடம். தெருவில் தண்ணீர் வடிந்து, தரை காய்ந்த பிறகும் குழிக்குள் அது நிற்கும். நெய்கிறவர் காலை அதற்குள்தான் தொங்கவிட்டு உட்கார வேண்டும். இறைத்து, சேறு அள்ளி, பிளீச்சிங் கரைசல் தெளித்து, முழுக்கக் காயும்வரை தறியில் உட்காரக் கூடாது. அத்தனை நாள் கூலி இல்லை. விசைத்தறி வீட்டில் மோட்டார் போனது செலவுக் கணக்கில் வரும். தறிக்குழி காயக் காத்திருந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது.

வாசலில் சாணி தெளிப்பது நம் வழக்கம். மற்ற நாளில் தெளியுங்கள். கழிவுநீர் புகுந்த வீட்டுக்குச் சாணி மருந்தாகாது. கை காலில் வெட்டுக்காயம் இருப்பவர்களுக்கு அதிலிருந்து டெட்டனஸ் வரும் ஆபத்தும் உண்டு. சேற்றில் ஆணியோ தகரமோ கிழித்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ளத் தாமதிக்கக் கூடாது. செத்த ஆடு, கோழி, மாட்டை ஆற்றில் தள்ளிவிடாமல் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, கிணற்றுக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும். கால்நடை உதவிக்கு 1962.

மண்டபத்தில் எத்தனை கக்கூஸ்?

முகாம் என்றால் கல்யாண மண்டபம் அல்லது பள்ளிக்கூடம். மண்டபத்தின் கழிப்பறை ஒருநாள் விருந்துக்குக் கட்டியது. பள்ளிக்கூடத்தின் கழிப்பறை பிள்ளைகளின் உயரத்துக்குக் கட்டியது. ஸ்ஃபியர் அளவுகோல் 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது, ஆரம்ப நாட்களில் மட்டும் 50 பேருக்கு ஒன்று பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. பொதுக் கழிப்பறைகளில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று வேண்டும் என்றும் சொல்கிறது. உள்ளே தாழ்ப்பாளும் வெளிச்சமும் இல்லையென்றால் பெண்கள் என்ன செய்வார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். இருட்டும்வரை அடக்குவார்கள். முகாமிலிருந்து வீடு திரும்பும்போது நீர்க்கடுப்போடு திரும்புவார்கள். அது எந்த வெள்ளச் சேதப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

மாதவிடாய் நாப்கினைப் பற்றி வெளிப்படையாகப் பேச நாட்டுக்கே கற்றுக்கொடுத்தவர் கோவைக்காரர். பாப்பநாயக்கன்புதூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைச் செய்தார், 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார், அவர் கதை இந்திப் படமாகவும் வந்தது. அவர் பிறந்த மண்டலத்தின் வெள்ள நிவாரணப் பையில் நாப்கின் தானாகவே இருக்க வேண்டும், யாராவது ஒரு தன்னார்வலர் நினைத்துக்கொண்டால் மட்டும் வரக்கூடாது. உபயோகித்ததைப் போட மூடியுள்ள கூடையும், அதை எடுத்துப்போக ஏற்பாடும் வேண்டும். கக்கூஸ் கோப்பையில் போட்டால் இருக்கிற ஒரு கழிப்பறையும் அடைத்துக்கொள்ளும்.

இதே போல உள்ளாடை. ஈரத் துணியோடு மூன்று நாள் இருந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வரும், சேற்றுப்புண் வரும், குழந்தைகளுக்குச் சொறி வரும். வெள்ளம் வந்தால் மக்கள் மூட்டை மூட்டையாகப் பழைய சேலை அனுப்புகிறார்கள். இந்தியா முழுதும் அணியும் பனியனும் ஜட்டியும் திருப்பூரில் தைக்கப்படுகின்றன. ஈரோட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். தொழிற்கூடங்கள் ஆடி மாதத்துக்கு முன்பே அளவு வாரியாகக் கட்டி வைத்திருந்தால், அதைவிடப் பெரிய மருத்துவ உதவி வேறில்லை.

■ பெட்டிச் செய்தி: எந்த நாளில் என்ன வரும்

• முதல் சில நாட்கள்: வயிற்றுப்போக்கு, வாந்தி, காலரா. உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல்.

• ஒன்றிலிருந்து இரண்டு வாரம்: எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேறு காலில் உள்ள வெடிப்பு வழியாக ஏறும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் தாமதம் வேண்டாம்.

• ஒன்றிலிருந்து மூன்று வாரம்: டைபாய்டு.

• இரண்டு வாரத்துக்கு மேல்: டெங்கு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். அதன்பின் கடித்து, காய்ச்சல் வர இன்னும் சில நாள்.

• இரண்டிலிருந்து ஆறு வாரம்: மஞ்சள் காமாலை.

பக்கத்து வீட்டுப் பாடம்

இந்தப் பட்டியலின் உண்மையை 2018-ல் வாளையாறுக்கு அந்தப் பக்கம் பார்த்தோம். ஆகஸ்ட் நடுவில் கேரளத்தில் வெள்ளம். தண்ணீர் வடிந்து, ஆயிரக்கணக்கானோர் சேறு அள்ளும் வேலையில் இறங்கிய பிறகு, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் மற்றவர் வீட்டைச் சுத்தம் செய்யப் போனவர்களும் இருந்தார்கள். கேரள அரசு டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சேற்றில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் கொடுக்க முனைந்தது. பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், மருத்துவர் சொல்படி. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது. குமாரபாளையத்திலோ கருங்கல்பாளையத்திலோ சேறு அள்ளும் பெண்ணின் காலில் ரப்பர் பூட்ஸ் இருக்காது. செருப்பு வெள்ளத்தோடு போயிருக்கும். வெறுங்காலோடு நிற்பாள்.

நம் ஊருக்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் பலமுறை பிடித்தது. எலி செத்து விழுந்தால் ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். நகரின் பல பகுதிகளில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. சுத்தமான குடிநீர் வேண்டும் என்று நகரம் போராடிச் சிறுவாணியைக் கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான். ஒரு கொள்ளை நோயிலிருந்து ஒரு குடிநீர்த் திட்டத்துக்குப் போன ஊர் இது.

தண்ணீரே இல்லாத பேரிடர்

வெள்ளத்தை மட்டும் பேசிவிட்டுப் போனால் கொங்கு நாட்டைப் பற்றி எழுதியதாகாது. இங்கே அதிகம் வருவது வறட்சி. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தது. சிறுவாணி வறண்டது. கோவையில் நல்ல தண்ணீர் பல நாட்களுக்கு ஒருமுறை வந்தது.

வீடுகள் என்ன செய்தன? கிடைத்த நாளில் எல்லாவற்றிலும் பிடித்து வைத்தன. சம்ப், டிரம், அண்டா, குடம், பெயிண்ட் டப்பா. அந்த டிரம்களில்தான் ஏடிஸ் கொசு முட்டையிட்டது. 2017-ல் தமிழகத்தில் 23,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. கோவையும் திருப்பூரும் சேலமும் அதில் கடுமையாக அடிபட்டன. தண்ணீர் இல்லாத பேரிடரில் தண்ணீர்க் கொசுவால் செத்தோம். அப்போது வீடு வீடாக வந்து டிரம்மில் புழு இருந்தால் அபராதம் போட்டார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுவிட்டு, பிடித்து வைத்ததற்கு அபராதம் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. டிரம்முக்குப் பொருந்துகிற மூடியையும் கட்ட வலைத்துணியையும் கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து உட்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். வெறுமனே கவிழ்த்தால் போதாது. முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், பல மாதம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

யார் சுத்தம் செய்கிறார்கள்?

வீட்டுக்குள் பெண்கள். வீட்டுக்கு வெளியே தூய்மைப் பணியாளர்கள். 2023 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இங்கிருந்து தூய்மைப் பணியாளர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவைத்தோம். ஊரைக் காப்பாற்ற அவர்கள் வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பூட்ஸ், முழங்கை வரை கையுறை, டெட்டனஸ் ஊசி, டாக்சிசைக்ளின், குளிக்க வெந்நீர், மாற்றுத் துணி ஆகியவை அவர்கள் வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். இவற்றில் பாதியாவது ஒவ்வொரு முறையும் பின்னால்தான் வந்து சேர்கிறது. அவர்களில் பலருடைய வீடுகளும் அதே பள்ளத்தோரத்தில், அதே வெள்ளத்தில்தான் இருக்கின்றன. ஊரைக் கழுவிவிட்டு இருட்டிய பிறகு போய்ச் சொந்த வீட்டைக் கழுவுகிறார்கள்.

■ பெட்டிச் செய்தி: வைத்திருக்க வேண்டிய எண்கள்

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மருத்துவ ஆலோசனை 104. ஆம்புலன்ஸ் 108. கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய 14420. கால்நடை ஆம்புலன்ஸ் 1962.

ஆடிக்கு முன்னால்

நிவாரணப் பையில் அரிசி, பருப்பு, எண்ணெய், பெட்ஷீட் இருக்கின்றன. கூடவே வர வேண்டியவை: ஒரு வாளி, ஒரு மண்வெட்டி, ஒரு சீமாறு, நான்கு துணி சோப்பு, குளியல் சோப்பு, ஈரம் படாமல் கட்டிய இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர், அதைக் கலக்கும் அளவைப் படம் போட்டு விளக்கும் ஒரு தாள், ரப்பர் கையுறை, நாப்கின். மெத்தையை இழந்த வீட்டுக்குப் பாயும் தலையணையும். வெள்ளம் வடிந்த தெருவுக்கு முதல் வாரம் முழுவதும் கழுவுவதற்கென்றே தனித் தண்ணீர் லாரி. மண் காய்ந்ததும் கட்டணமில்லாமல் ஒருமுறை செப்டிக் டேங்க் வண்டி. மூன்று வாரம்வரை வாசலுக்கு வந்து காய்ச்சல் பார்க்கும் செவிலியர்.

நாமக்கல், ஈரோடு, சேலம், கரூர் மாவட்ட நிர்வாகங்களுக்கு மேட்டூர் நிரம்பும் மாதங்கள் எவை என்பது தெரியும். கோவை, திருப்பூர் மாநகராட்சிகளுக்கு எந்தப் பள்ளம் எந்தத் தெருவில் ஏறும் என்பது தெரியும். இந்தப் பையை ஆனி மாதமே கட்டி வார்டு அலுவலகத்தில் வையுங்கள். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் செப்டிக் டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா, கடைசியாக எந்த ஆண்டு கசடு எடுத்தீர்கள், அதற்கும் போருக்கும் எத்தனை அடி என்பதைப் பார்த்துவிடுங்கள். மூன்று ஆண்டு தாண்டியிருந்தால் திங்கட்கிழமையே 14420-ஐ அழையுங்கள்.